பேக்கப்பிலிருந்து இரண்டாவது டைரக்டரி சர்வர்: அமைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு லாக் ஆன் திரை நன்கு பழகியிருக்கும். பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்ட் கொடுத்தால் டெஸ்க்டாப் வந்துவிடும். விண்டோஸில் நீங்கள் அமைத்தது லோக்கல் அக்கவுண்ட் என்றால், அந்தப் பெயரும் உருமாற்றப்பட்ட பாஸ்வேர்டும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே சாம் என்ற பைலில் இருக்கின்றன. ஒரு கம்ப்யூட்டருக்கு இது போதும்.

ஆனால் 200 கம்ப்யூட்டர்கள் உள்ள ஓர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் 200 கம்ப்யூட்டர்களிலும் போய் அவர் பெயரைப் பதிய முடியுமா? அவர் பாஸ்வேர்டை மாற்றினால் என்ன செய்வது? இதற்காகத்தான் எல்லாருடைய விபரங்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் டைரக்டரி சர்வர் வந்தது. அந்தச் சர்வர் நின்று போனால் அலுவலகமே நின்று போகும். எனவே இரண்டாவதாக ஒன்று வேண்டும். அதைப் பேக்கப்பிலிருந்து எப்படி அமைப்பது என்பதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்து பழகலாம். படிப்பவர்களுக்கும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்கு முயல்பவர்களுக்கும் இது பயன்படும். மற்றவர்களும் தங்கள் போட்டோக்களையும் பைல்களையும் காப்பாற்றிக் கொள்ள உதவும் ஒரு பாடம் இதில் இருக்கிறது.

டைரக்டரி என்றால் என்ன?

டெலிபோன் டைரக்டரி நமக்குத் தெரியும். பெயரைத் தேடினால் முகவரியும் எண்ணும் கிடைக்கும். டைரக்டரி சர்வரும் அப்படித்தான். ஊழியர்கள், கம்ப்யூட்டர்கள், பிரின்டர்கள், குழுக்கள் என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்று முடிவு செய்யவும் இதே பதிவுகள்தான் பயன்படுகின்றன. இதில் எழுதுவது குறைவு, தேடுவது மிக அதிகம்.

இந்தச் சர்வரிடம் கேள்வி கேட்கும் முறைக்கு எல்டாப் என்று பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்து 1993ல் வரையறுக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் 2000ல் விண்டோஸ் 2000 சர்வருடன் ஆக்டிவ் டைரக்டரி என்ற டைரக்டரியைக் கொண்டு வந்தது. ஆக்டிவ் டைரக்டரி இயங்கும் சர்வரை டொமைன் கன்ட்ரோலர் என்று அழைக்கிறார்கள். இந்தப் பாடத்தில் அதையே எடுத்துக் கொள்வோம். விண்டோஸின் ஹோம் பதிப்புகளை டொமைனில் சேர்க்க முடியாது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். அதற்கு புரொபஷனல் பதிப்பு வேண்டும்.

பிரதி எதற்கு?

இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரை முதலாவதின் பிரதி எனலாம். முதல் சர்வரில் ஒரு மாற்றம் செய்தால் அது இரண்டாவதுக்குத் தானாகவே போய்ச் சேரும். இரண்டாவதில் செய்தால் முதலாவதுக்கு வரும். இதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். ஒன்று பழுதானாலும் மற்றொன்று லாக் ஆன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

பிரதியைப் பேக்கப்பிலிருந்து ஏன் அமைக்க வேண்டும்?

சாதாரணமாகப் புதிய சர்வர், பழைய சர்வரிடமிருந்து எல்லா விபரங்களையும் நெட்வொர்க் வழியாகவே வாங்கிக் கொள்ளும். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் கிளை அலுவலகம் தொலைவில் இருந்து, இணைப்பின் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக் கொள்ளுங்கள். டைரக்டரியின் அளவு 10 ஜிபி என்றால், வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாவிட்டாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே 10 ஜிபியை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு எடுத்துச் சென்றால் காப்பி செய்யச் சில நிமிடங்கள் போதும். அதன் பிறகு ஏற்பட்ட சிறு மாற்றங்கள் மட்டும் நெட்வொர்க்கில் வந்தால் போதும்.

இந்த வசதிக்கு இன்ஸ்டால் பிரம் மீடியா என்று பெயர். சுருக்கமாக ஐஎப்எம். விண்டோஸ் சர்வர் 2003ல் இது அறிமுகமானது. அப்போது சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுத்து, அதைத் தனி போல்டரில் விரித்து, டிசிப்ரோமோ என்ற கட்டளையால் அமைத்தார்கள். விண்டோஸ் சர்வர் 2008 முதல் இதற்கான பேக்கப்பைத் தயாரிக்க என்டிடிஎஸ்யூடில் என்ற கட்டளை உதவுகிறது.

ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கலாமா?

கூடாது. பலரும் செய்யும் தவறு இது. ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தன்னிடம் நடக்கும் மாற்றங்களுக்கு வரிசை எண் போடுகிறது. மற்ற சர்வர்கள் "உன்னிடமிருந்து 5000 வரை வாங்கிவிட்டேன்" என்று குறித்து வைத்துக் கொள்கின்றன. பழைய டிஸ்க் நகலைக் கொண்டு வந்து ஓட விட்டால் அந்தச் சர்வர் 4000லிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும். அது புதிதாகத் தரும் 4001, 4002 மாற்றங்களை மற்றவை "இவை ஏற்கெனவே வந்தவை" என்று தள்ளிவிடும். இரு சர்வர்களிலும் வேறு வேறு விபரங்கள் இருக்கும், ஆனால் எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். எனவே இதற்கென்று உள்ள முறையில் மட்டுமே பேக்கப் எடுக்க வேண்டும். பயிற்சியின் போதும் இரண்டு சர்வர்களில் ஒன்றை மட்டும் ஸ்னாப்ஷாட் மூலம் பின்னோக்கித் திருப்பாதீர்கள்.

பயிற்சிக்குத் தேவையானவை

1. 16 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர். 8 ஜிபி இருந்தாலும் மெதுவாகச் செய்து பார்க்கலாம்.

2. விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர். இது ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை உருவாக்கித் தரும்.

3. விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு. மைக்ரோசாப்ட் தன் தளத்தில் இதனை 180 நாட்கள் பயன்படுத்தத் தருகிறது.

விர்ச்சுவல் பாக்ஸில் இரண்டு மெஷின்களை உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க் கொடுங்கள். நெட்வொர்க் பிரிவில் இரண்டுக்கும் இன்டர்னல் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் தனித்தனியாக ஒரே பதிப்பு விண்டோஸ் சர்வரை இன்ஸ்டால் செய்யுங்கள். ஒன்றை இன்ஸ்டால் செய்து மற்றதைக் காப்பி எடுக்க வேண்டாம். இன்ஸ்டால் செய்யும் போது டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் நமக்குப் பழக்கமான விண்டோஸ் திரை கிடைக்கும்.

முதல் மெஷினுக்கு டிசி1 என்று பெயர் வைத்து 192.168.10.1 என்ற ஐபி எண் கொடுங்கள். இரண்டாவதற்கு டிசி2, 192.168.10.2. சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. டிஎன்எஸ் சர்வர் என்ற இடத்தில் இரண்டிலும் 192.168.10.1 என்று கொடுங்கள். டிசி2 தன் அண்ணனைக் கண்டுபிடிப்பது இந்த டிஎன்எஸ் மூலம்தான். இது தவறினால் எதுவும் நடக்காது.

டிசி1ல் சர்வர் மேனேஜரைத் திறந்து, ஆட் ரோல்ஸ் அண்ட் பீச்சர்ஸ் வழியாக ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் என்பதை இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் மேலே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தோன்றும். அதைக் கிளிக் செய்து, இந்தச் சர்வரை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்து என்ற பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுங்கள். ஆட் எ நியூ பாரஸ்ட் என்பதைக் கிளிக் செய்து, வீடு டாட் டெஸ்ட் என்பதை ஆங்கில எழுத்துகளில் டொமைன் பெயராகக் கொடுங்கள். டாட் டெஸ்ட் என்ற முடிவு பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது, இன்டர்நெட்டில் யாருக்கும் இந்தப் பெயர் கிடையாது. ரீஸ்டார்ட் ஆனதும் முதல் டைரக்டரி சர்வர் தயார்.

இப்போது டூல்ஸ் மெனுவில் ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் என்பதைத் திறந்து, யூசர்ஸ் போல்டரில் ரைட் கிளிக் செய்து, நியூ, யூசர் என்று சென்று கண்ணன், வள்ளி, மீனா என மூன்று பேரைச் சேர்த்துவிடுங்கள்.

படி 1: பேக்கப் எடுத்தல்

டிசி1ல் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கீழ்க்கண்டவற்றை ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாக டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

முதலில் என்டிடிஎஸ்யூடில். இதில் என், டி, டி, எஸ், யூ, டி, ஐ, எல் என்ற எட்டு எழுத்துகள் உள்ளன, நடுவில் இடம் விட வேண்டாம்.

அடுத்து ஆக்டிவேட் இன்ஸ்டன்ஸ் என்டிடிஎஸ். இங்கே கடைசிச் சொல்லில் என், டி, டி, எஸ் ஆகிய நான்கு எழுத்துகள் மட்டுமே.

அடுத்து ஐஎப்எம்.

அடுத்து கிரியேட் சிஸ்வால் புல். அதே வரியில் ஓர் இடம் விட்டு, பேக்கப்பை வைக்க வேண்டிய போல்டரின் பெயர். சி டிரைவில் ஐஎப்எம் என்ற போல்டர் என்று கொடுத்தால் போதும்.

வேலை முடிந்ததும் குவிட் என்று இரண்டு முறை கொடுத்து வெளியே வாருங்கள். ஐஎப்எம் போல்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஆக்டிவ் டைரக்டரி, ரெஜிஸ்ட்ரி, சிஸ்வால் என்ற மூன்று போல்டர்கள் இருக்கும். டைரக்டரி முழுவதும் என்டிடிஎஸ் டாட் டிஐடி என்ற ஒரே பைலில் அடங்கியிருக்கிறது.

இப்போது ஒரு சின்ன வேலை. பேக்கப் எடுத்து முடித்த பிறகு, டிசி1ல் செல்வி என்று நான்காவதாக ஒருவரைச் சேருங்கள். எதற்கு என்பது ஐந்தாவது படியில் தெரியும்.

படி 2: கொண்டு போதல்

உண்மையான அலுவலகத்தில் இந்தப் போல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து எடுத்துப் போவார்கள். அதில் அலுவலகத்தில் உள்ள எல்லாருடைய பாஸ்வேர்ட் விபரங்களும் உருமாற்றப்பட்ட வடிவில் இருக்கின்றன. திருடியவர் நிதானமாக உட்கார்ந்து அவற்றை உடைக்க முயலலாம். எனவே பிட்லாக்கர் போன்ற முறையில் பூட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

நம் பயிற்சியில், டிசி2ல் விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, இரண்டு பேக்ஸ்லாஷ், 192.168.10.1, ஒரு பேக்ஸ்லாஷ், சி, டாலர் குறி என்று இடம் விடாமல் டைப் செய்யுங்கள். டிசி1ன் அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் கொடுங்கள். டிசி1ன் சி டிரைவ் திறக்கும். ஐஎப்எம் போல்டரைக் காப்பி செய்து டிசி2ன் சி டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள்.

படி 3: டிசி2ஐ உயர்த்துதல்

டிசி2லும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸை இன்ஸ்டால் செய்து, மஞ்சள் குறியைக் கிளிக் செய்யுங்கள். இந்த முறை ஆட் எ டொமைன் கன்ட்ரோலர் டு ஆன் எக்சிஸ்டிங் டொமைன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டொமைன் பெயரையும், டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டரின் பெயர், பாஸ்வேர்டையும் கொடுங்கள்.

அடுத்த திரையில் டிஎஸ்ஆர்எம் என்ற பாஸ்வேர்ட் கேட்கும். டைரக்டரி பழுதாகி, அதைச் சரி செய்வதற்காகச் சர்வரைத் தனி நிலையில் திறக்கும் போது இதுதான் சாவி. எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

படி 4: பேக்கப்பைக் காட்டுதல்

அடிஷனல் ஆப்ஷன்ஸ் என்ற திரை வரும்போது நில்லுங்கள். பலர் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிக் கொண்டே போய் இதைத் தவற விடுவார்கள். இன்ஸ்டால் பிரம் மீடியா என்பதில் டிக் செய்து, ஐஎப்எம் போல்டரின் இடத்தைக் கொடுத்து, வெரிபை பட்டனை அழுத்துங்கள். பேக்கப் சரியாக இருந்தால் மேலே செல்ல அனுமதிக்கும். பிறகு இன்ஸ்டால் கொடுங்கள். முடிந்ததும் டிசி2 தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

படி 5: சோதித்தல்

டிசி2ல் யூசர்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள். கண்ணன், வள்ளி, மீனா மூவரும் பேக்கப்புடன் வந்தவர்கள். செல்வியும் அங்கே இருக்கிறாரா? அவர் பேக்கப்பில் இல்லை. நெட்வொர்க் வழியாக வந்திருக்கிறார். பேக்கப்பும் வேலை செய்தது, ரெப்ளிகேஷனும் வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்து கமாண்ட் பிராம்ப்டில் ரெப்அட்மின் என்று டைப் செய்து, இடம் விட்டு, ஒரு சாய்வுக் கோடு போட்டு, ஒட்டியே ரெப்ல்சம்மரி என்று கொடுங்கள். ஆங்கிலத்தில் ஆர், இ, பி, எல் என்ற நான்கு எழுத்துகளுடன் சம்மரி என்ற சொல் சேர வேண்டும். பெயில்ஸ் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒரே சைட்டில் உள்ள இரு சர்வர்களுக்கிடையே மாற்றங்கள் சுமார் 15 நொடிகளில் கிளம்பிவிடும். தனித்தனி சைட்டுகளாகப் பிரித்து வைத்திருந்தால், நாம் மாற்றாத வரை 180 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் போகும்.

எல்லாம் சரி என்றால் இரண்டு மெஷின்களிலும் உள்ள ஐஎப்எம் போல்டரை அழித்துவிடுங்கள்.

வேலை செய்யவில்லையா?

* டொமைனைக் காணவில்லை என்று வந்தால் டிஎன்எஸ் எண்ணைப் பாருங்கள்.

* இரு மெஷின்களின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் ஏற்காது.

* இரு சர்வர்களும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒரு பதிப்பில் எடுத்த ஐஎப்எம் பேக்கப் மற்றொன்றில் பயன்படாது.

* பேக்கப் மிகப் பழையதாக இருக்கக் கூடாது. டைரக்டரியில் ஒருவரை நீக்கினால் "இவர் நீக்கப்பட்டார்" என்ற அடையாளம் மட்டும் சில காலம் இருக்கும். 2000, 2003 காலத்தில் தொடங்கிய டொமைன்களில் இது 60 நாட்கள். 2003ன் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பின் தொடங்கியவற்றில் 180 நாட்கள். அதைவிடப் பழைய பேக்கப்பை விட்டால், நீக்கிய ஊழியர்கள் மீண்டும் உயிர் பெற்று வந்துவிடுவார்கள். அதனால் சர்வர் அதை ஏற்பதில்லை.

இன்னொரு சோதனை

இப்போது டிசி1ல் மீனாவை டெலிட் செய்யுங்கள். ஒரு நிமிடம் கழித்து டிசி2ல் ரெப்ரெஷ் செய்து பாருங்கள். மீனா அங்கேயும் இல்லை.

இந்தப் பாடத்தில் மறக்கக் கூடாதது இதுதான். பிரதி வேறு, பேக்கப் வேறு. சர்வர் பழுதானால் பிரதி காப்பாற்றும். கை தவறி அழித்தால் பிரதியும் சேர்ந்து அழிக்கும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் ஆக்டிவ் டைரக்டரிக்கும் ரீசைக்கிள் பின் உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே நாம் இயக்கி வைத்திருக்க வேண்டும்.

இதன் விலையை உலகம் 2017ல் பார்த்தது. அந்த ஆண்டு ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற அழிவு சாப்ட்வேர், உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கு சாப்ட்வேர் ஒன்றின் அப்டேட் வழியாகப் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதில் சிக்கியது. அவர்களிடம் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் இருந்தன. ஒன்றுக்கு மற்றொன்று பிரதி. ஒன்று போனால் அடுத்தது காப்பாற்றும் என்றிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. மற்ற சர்வர்கள் பலவற்றுக்குச் சில நாட்களுக்கு முந்தைய பேக்கப் கிடைத்தது. டொமைன் கன்ட்ரோலருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர் தப்பியிருப்பது தெரிந்தது. காரணம் மின்தடை! தாக்குதலுக்கு முன்பே கரண்ட் போய், அது நெட்வொர்க்கிலிருந்து விலகியிருந்தது. அங்கிருந்த இணைப்பின் வேகம் குறைவு என்பதால் விபரங்களை நெட்வொர்க்கில் அனுப்பினால் பல நாட்கள் ஆகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. எனவே ஒருவர் ஹார்ட் டிஸ்க்குடன் நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கே விமான நிலையத்தில் வேறொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டு போனார். அதன் துணையோடு டைரக்டரியை மீண்டும் கட்டினார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாட்களில் மீண்டும் இன்ஸ்டால் செய்ததாக நிறுவனத்தின் தலைவர் 2018ல் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனம் கணக்கிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் செய்த ஐஎப்எம் முறை, உயிரோடு ஒரு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால்தான் வேலை செய்யும். எல்லாம் போய்விட்டால் உதவாது. அதற்குத் தனியாக சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் வேண்டும். விண்டோஸ் சர்வர் பேக்கப் என்ற வசதியை இன்ஸ்டால் செய்து, பேக்கப் ஒன்ஸ், கஸ்டம், ஆட் ஐட்டம்ஸ், சிஸ்டம் ஸ்டேட் என்று சென்று வேறொரு டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். நெட்வொர்க்கில் இணைந்தே இருக்கும் பேக்கப்பை வைரஸும் எட்டிப் பிடிக்கும்.

உங்கள் வீட்டுக்கு என்ன பாடம்?

உங்கள் போன் போட்டோக்கள் கூகுள் போட்டோஸிலும், கம்ப்யூட்டர் பைல்கள் ஒன்டிரைவிலும் தானாகச் சேர்கின்றன. நல்லதுதான். ஆனால் அவை ரெப்ளிகேஷன் போன்றவை. ஓரிடத்தில் அழித்தால் இன்னோர் இடத்திலும் அழியும். சில நாட்கள் டிராஷில் கிடக்கும், பிறகு அதுவும் போகும். எனவே மாதம் ஒருமுறை முக்கியமான போட்டோக்களையும் சான்றிதழ்களின் ஸ்கேன்களையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கேபிளைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த டிஸ்க்கிலிருந்து நான்கைந்து பைல்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். செல்வி வந்தாரா என்று டிசி2ல் பார்த்தோமே, அது போலத்தான். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி எதையும் அழிக்காதீர்கள்.